நீமோ சர்பத்: கடல் ஏன் ஊதாவாகிப் போகிறது?

போன மே மாதம் செங்கோட்டையில் அண்ணன் மகனுக்கு ஆறாவது பிறந்தநாள். நீமோ என்ற ஆரஞ்சு நிறக் குட்டி மீனின் கதையான 'ஃபைண்டிங் நீமோ' கார்ட்டூன் படம் என்றால் அவனுக்கு உயிர். 2003-இல் வந்த அந்தப் படத்தைச் சின்ன வயதில் நானும் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. அதனால் கேக்கோடு மது கலக்காத ஒரு நீமோ மாக்டெய்லும் செய்துவிடுவோம் என்று இறங்கினேன். சங்குப்பூவைக் கொதிநீரில் போட்டு, ஆறியதும் இளநீரில் கலந்தேன். கண்ணாடி டம்ளரில் அசல் கடல். சர்பத் என்றால் புளிப்பு வேண்டாமா என்று அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தேன். கடல் ஊதாவாகிவிட்டது. மீதி அரை மூடியையும் பிழிந்ததும் ரோஸ் நிறம்.

இப்படிக் குடிக்கிற பொருளில் ஒரு கார்ட்டூன் படத்தைக் கொண்டுவரப் பார்ப்பவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். சங்குப்பூவின் நீலத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. புளிப்பு சேரச் சேர அது நீலத்திலிருந்து ஊதாவுக்கும், அப்புறம் ரோஸுக்கும் மாறும். எலுமிச்சை மட்டுமல்ல, ஆரஞ்சுச் சாறு, அன்னாசி, புளிப்பு மாங்காய் எல்லாமே இதைச் செய்யும். சோடாவிலும் கரியமில வாயு கரைந்திருப்பதால் லேசான புளிப்பு உண்டு. நீலம் கொஞ்சம் ஊதாப் பக்கம் சாயும். நீலம் நீலமாகவே நிற்க வேண்டுமென்றால் புது இளநீர்தான் சரி. அதையும் காலையில் வெட்டி வெளியே வைத்துவிட்டு சாயங்காலம் கலக்காதீர்கள், புளித்துவிடும்.

அடுத்த தவறு இனிப்பில். எங்கள் பக்கம் சர்பத் என்றால் கை தானாக நன்னாரி பாட்டிலுக்குப் போகும். வீட்டில் காய்ச்சிய நன்னாரி பழுப்பு நிறம். ஒரு கரண்டி விட்டால் கடல் குளத்துத் தண்ணீராகிவிடும். கருப்பட்டியும் அப்படியே. கல்கண்டைத் தண்ணீரில் கரைத்து, இரண்டு ஏலக்காயைத் தட்டிப்போட்டு ஒரு கொதி விட்டு வடிகட்டினால் நிறம் கெடாது, மணமும் வரும். நான்கு டம்ளருக்கு இருபது பூ, ஒரு கப் கொதிநீர், இரண்டு இளநீர், நான்கு மேசைக்கரண்டி கல்கண்டுப் பாகு. பூவின் அடியிலுள்ள பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் பச்சை வாடை அடிக்கும். சூடாக இருக்கும்போதே ஐஸ் மேல் ஊற்றினால் ஐஸ் கரைந்து எல்லாம் சப்பென்று ஆகிவிடும். நன்றாக ஆறட்டும்.

பூ கிடைக்கவில்லை என்றால் கலர்ப்பொடி போடலாமே என்பார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி என்ற துணிச்சாயம் கலந்திருப்பது தெரிந்து, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதற்குத் தடை போட்டது நினைவிருக்கும். கடையில் பொட்டலம் கட்டி விற்கிற, பெயரில்லாத கலரை நம்பிக் குழந்தைக்குக் கொடுக்க முடியாது. ப்ளூ குராசோ என்ற நீல நிற சிரப் வாங்குகிறவர்கள் லேபிளை முழுசாகப் படியுங்கள். அதே பெயரில் மதுவும் இருக்கிறது, மது இல்லாத சிரப்பும் இருக்கிறது.

புகை வர வைக்க டிரை ஐஸ், அதாவது உறைய வைத்த கரியமில வாயு, போடும் பழக்கம் இப்போது கல்யாண வீடுகள் வரை வந்துவிட்டது. பிள்ளைகள் குடிக்கும் டம்ளருக்குப் பக்கத்தில்கூட அது வரக்கூடாது. அதன் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 78 டிகிரி. 2024 மார்ச்சில் குருகிராமில் ஒரு உணவகத்தில் அதை வாயில் போட்டுக்கொண்டவர்கள் ரத்த வாந்தி எடுத்தார்கள். கடலில் ஏது புகை? இந்தப் படத்துக்கு அது தேவையே இல்லை.

சப்ஜா விதை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புளியரை செக்போஸ்ட் தாண்டிக் கேரளாவுக்குள் போய்க் குலுக்கி சர்பத் குடித்தவர்களுக்கு அதன் வழவழப்பு தெரியும். ஒரு டீஸ்பூன் விதையை அரை கப் தண்ணீரில் கால் மணி நேரமாவது ஊறவைக்க வேண்டும். ஊறாத விதை தொண்டையில் போய் உப்பும், அதனால் குழந்தைகளுக்கு ஆபத்து. நான் ஊறவைத்துத்தான் போட்டேன். ஆனால் வேறொரு தவறு செய்தேன். நடுவில் கறுப்புப் புள்ளியோடு கண்ணாடிபோல இருந்த விதைகளைக் காட்டி, "இதெல்லாம் மீன் முட்டைடா" என்று சொல்லிவிட்டேன். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"அத்தை, இதைக் குடிச்சா நீமோ பொறக்கவே மாட்டானே?"

படம் தொடங்குவதே அங்கேதானே. நானூறுக்கு மேற்பட்ட முட்டைகள், ஒரு பராகுடா மீன் வருகிறது, அம்மா போய்விடுகிறாள், ஒரே ஒரு முட்டை மிஞ்சுகிறது. அந்த முட்டைதான் நீமோ. பிள்ளைகள் இதை மறப்பதில்லை. அவர்கள் பாசம் வைத்த ஒன்றை 'குடி' என்று நீட்டக்கூடாது. "நீர்க்குமிழிடா, மீன் தொட்டியிலே பெட்டி திறந்தா வருமே, அது" என்று மாற்றிச் சொன்ன பிறகுதான் வாயில் வைத்தான். எந்தப் பொருளுக்கு என்ன பெயர் வைப்பது என்பதையும் சர்க்கரை அளவுபோல முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

நீமோவை எங்கே வைப்பது? பலரும் ஆரஞ்சுச் சாற்றை அடியில் ஊற்றி மேலே நீலத்தை விடுகிறார்கள். ஊற்றியதும் பார்க்க அழகுதான். பிள்ளை ஸ்ட்ராவைப் போட்டு ஒரு சுற்று சுற்றினால் இரண்டும் கலந்து சேற்று நிறம். அதனால் ஆரஞ்சு நிறத்தை டம்ளருக்கு வெளியே வையுங்கள். தோல் ஒட்டிய ஆரஞ்சை வட்டமாக நறுக்கினால் சதைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். கோமாளி மீனின் வெள்ளைப் பட்டைக்கு அது போதும். கமலா ஆரஞ்சு துவண்டுவிடும், நிற்காது. டம்ளர் விளிம்பின் இரண்டு பக்கமும் செருகுங்கள். ஒரு பக்கம் அரை வட்டம், இன்னொரு பக்கம் அதில் பாதி. நீமோவுக்கு ஒரு துடுப்பு பிறவியிலேயே சின்னது, அதைத்தான் அவன் அப்பா அதிர்ஷ்டத் துடுப்பு என்பார். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரைப் பார்த்ததும் எங்கள் பையன் அந்தச் சின்னத் துண்டைத்தான் முதலில் தொட்டான். புனலூரிலிருந்து வந்திருந்த மதினி, "அளவு தப்பிப்போச்சே" என்று அதை மாற்றப் போனார். அவன் விடவில்லை.

படத்தில் உள்ள எல்லாவற்றையும் ஒரே டம்ளரில் திணிக்க வேண்டாம். சுறாவுக்கு ஒரு ஜெல்லி, ஆமைக்கு ஒரு கிவி என்று அடுக்கினால் குடிக்க இடம் இருக்காது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் முழுத் திராட்சையும் உருண்டை ஜெல்லியும் போடவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

கடைசியில் எலுமிச்சைக்கே வருகிறேன். அதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. புளிப்பில்லாத சர்பத்தை இந்த ஊரில் யார் குடிப்பார்கள்? சாற்றைப் பிழிந்து, விதை எடுத்து, ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் தனியாக வையுங்கள். பிள்ளைகள் கையில் நீல டம்ளரைக் கொடுத்து, பாதி குடித்த பிறகு அவர்களையே ஊற்றச் சொல்லுங்கள். படத்தில் அப்பா மீனும் அவரோடு நீமோவைத் தேடும் டோரி என்ற நீல மீனும் ரோஸ் நிற ஜெல்லி மீன் கூட்டத்துக்குள் மாட்டிக்கொள்வார்களே, அந்த இடம் டம்ளருக்குள் வந்து சேரும். நான் தெரியாமல் முதலிலேயே ஊற்றிக் கெடுத்த அதே சாறுதான். இரண்டாவது ரவுண்டில் ஏழு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஊற்றினார்கள். ஒரு சொட்டுகூட மிச்சமில்லாமல் குடித்து முடித்துவிட்டு, வேலியில் இன்னும் பூ இருக்கிறதா என்று பார்க்க ஓடினார்கள்.