கன்டாம் ஆட்டத்தில் களம் பிடிக்கும் முறை: மலையகத்து இளையோருக்கு ஒரு வழிகாட்டி

டைனஸ்டி வாரியர்ஸ்: கன்டாம் என்ற வீடியோ ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்குபவர், நூற்றுக்கணக்கான எதிரி இயந்திரங்களை வெட்டிச் சாய்த்த பிறகும் தோல்வித் திரையைக் கண்டு திகைப்பதுண்டு. வாள் வீசும் வேகத்தில் அவரிடம் குறை இருக்காது. அவர் தமக்கு முன்னால் நின்ற எதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், நிலப்படத்தின் மறு மூலையில் தம் தலைமைத் தளம் வீழ்ந்ததைக் கவனிக்காமல் விட்டிருப்பார். இந்த ஆட்டத்தில் கைக்கு உள்ள வேலையைக் காட்டிலும் கண்ணுக்கு உள்ள வேலையே பெரிது என்பது என் கருத்து. ஆகவே நிலப்படத்தை வாசிக்கும் முறைக்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

ஆட்டத்தின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யொஷியுகி தொமினோ இயக்கிய முதல் கன்டாம் தொடர் 1979 ஏப்ரலில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. மனிதர்கள் உள்ளே அமர்ந்து செலுத்தும் பேருருவ இயந்திரங்கள் அதில் மொபைல் சூட் எனப்படுகின்றன. கதாநாயகன் அமுரோவின் கன்டாம் 18 மீற்றர் உயரமுடையது. கோயி நிறுவனத்தின் ஒமேகா ஃபோர்ஸ் குழு, சீன வரலாற்றுப் போர்களை வைத்துத் தான் வளர்த்தெடுத்த "ஒருவன் எதிர் ஆயிரவர்" என்ற ஆட்ட முறைக்குள் இந்த இயந்திரங்களைக் கொண்டுவந்து முதலாவது ஆட்டத்தை உருவாக்கியது. அது 2007 மார்ச்சில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 3 என்ற ஆட்டக் கருவிக்காக வெளியானது. பின்னர் இரண்டாவதும் மூன்றாவதும் வந்தன. நான்காவதான ரீபோர்ன் 2013 இறுதியில் ஜப்பானிலும் அடுத்த ஆண்டு பிற நாடுகளிலும் வெளியானது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

இந்த நான்கில் எதுவும் கணினிக்கென வெளியிடப்படவில்லை. எனவே "கணினிப் பதிப்பு" என்று யாராவது விற்க வந்தால் அதை நம்ப வேண்டாம். அட்டனிலோ பண்டாரவளையிலோ பழைய பிளேஸ்டேஷன் 3 ஒன்றைத் தேடிப் பிடிப்பவர், இறுவட்டை உள்ளே இட்டு, ஒரு களப்பணியையாவது முழுவதுமாக ஆடிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுப்பது நல்லது. பழைய இயந்திரங்களில் முதலில் சோர்ந்துபோவது பெரும்பாலும் இறுவட்டை வாசிக்கும் பகுதியே. பிளேஸ்டேஷன் 3 பொதுவாக எந்த நாட்டு இறுவட்டையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால் ஜப்பானியப் பதிப்பும் அதில் ஓடும். ஆனால் எழுத்துகள் யாவும் ஜப்பானிய மொழியில் இருக்கும். போரின் நடுவே வரும் அறிவிப்புகளைப் படிக்க முடியாவிட்டால் இந்த ஆட்டத்தின் பாதி போய்விடும். உறையைத் திருப்பிப் பார்த்து, ஆங்கிலப் பதிப்பு என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

நம் ஊர்க் குளிருக்கும் ஈரத்துக்கும் ஏற்ற சில முன்னேற்பாடுகள் தேவை. பனி இறங்கிய இரவில் பஸ்ஸில் கொண்டுவந்த இயந்திரத்தை, அடுப்பின் வெக்கை நிறைந்த காம்பராவுக்குள் வைத்த உடனேயே இயக்கக் கூடாது. உள்ளே நீர்த்துளி படியும். சில மணி நேரம் அப்படியே விட்டுவைத்த பின்னரே மின்னிணைப்புக் கொடுக்க வேண்டும். குளிரான ஊர்தானே என்று எண்ணிப் போர்வையோ கம்பளியோ போர்த்தி வைப்பதும் தவறு, ஏனென்றால் பழைய பருமனான மாதிரிகள் நுவரெலியாவிலும் சூடேறும். சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கினால் மின்செருகியை மட்டுமன்றித் தொலைக்காட்சிக்கு வரும் அன்டெனாக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். கரண்ட் திடீரென நின்றுபோனால், மறுமுறை இயக்கும்போது இயந்திரம் தன் வன்தட்டைச் சரிபார்க்கத் தொடங்கும். அது முடியும்வரை பொறுமையாக இருங்கள். ஒவ்வொரு களப்பணி முடிந்ததும் சேமித்துவிட்டு அடுத்ததற்குச் செல்வதை வழக்கமாக்கிக்கொண்டால் இழப்பு ஒரு பணியோடு நின்றுவிடும்.

நிலப்படத்தை வாசித்தல்

திரையின் மூலையில் உள்ள சிறு நிலப்படம் பல களங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். தோட்டத்தில் ஒன்றாம் நம்பர் மலை, இரண்டாம் நம்பர் மலை என்று பிரித்து, ஒரு மலையில் கொழுந்தெடுத்து முடித்த பின்னரே அடுத்த மலைக்கு ஆட்களை அனுப்புவார்கள் அல்லவா, ஏறத்தாழ அதே ஒழுங்கை இந்த ஆட்டமும் எதிர்பார்க்கிறது. ஒவ்வொரு களத்துக்கும் தனியான வலிமை அளவி ஒன்று உண்டு. அந்தக் களத்துக்குள் நிற்கும் எதிரிச் சிறு இயந்திரங்களை அழிக்க அழிக்க அது குறையும். களத்தைக் காக்கும் தளபதி வீழ்ந்தால் மளமளவெனச் சரியும். முற்றாகத் தீர்ந்ததும் களம் உங்கள் பக்கத்து நிறத்துக்கு மாறிவிடும். மாறிய களத்திலிருந்து எதிரிக்கு வரும் துணைப்படை குறையும், உங்கள் பக்கத்து வீரர்களும் தயங்காமல் முன்னேறுவார்கள்.

இதிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். ஒரு களத்தில் பாதி எதிரிகளை அழித்துவிட்டு, தூரத்தில் தெரியும் புகழ்பெற்ற எதிரி ஒருவரைத் துரத்திக்கொண்டு வேறு களத்துக்கு ஓடுவது வீண் வேலை என்பது முதலாவது. தொடங்கிய களத்தை முடித்துவிட்டே நகருங்கள். உயிர் இழக்கப்போகும் தோழரைக் காப்பாற்றுவதற்காக மட்டுமே இந்த விதியை மீறலாம். இரண்டாவது, எந்தக் களத்தை முதலில் பிடிப்பது என்பதைப் பணி தொடங்கும் முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்பது. புதியவர்கள் எதிரியின் தலைமைத் தளத்தை நோக்கி நேர்கோட்டில் பாய்வார்கள். அதைவிட, உங்கள் தலைமைத் தளத்தை ஒட்டியுள்ள களங்களில் எவை எதிரியின் கையில் இருக்கின்றன என்று பார்த்து அவற்றை முதலில் பறித்துக்கொள்வது பாதுகாப்பானது. அவை உங்கள் நிறத்தில் இருக்கும்வரை முதுகுப்புறம் ஓரளவு அமைதியாக இருக்கும்.

ஒவ்வொரு பணியின் தொடக்கத்திலும் வெற்றிக்கும் தோல்விக்குமான நிபந்தனைகள் காட்டப்படுகின்றன. பொறுமையின்றிப் பொத்தானை அழுத்தி அதைக் கடந்து செல்பவர்களே அதிகம். தலைமைத் தளம் வீழ்ந்தால் தோல்வியா, குறிப்பிட்ட தோழர் ஒருவர் வீழ்ந்தால் தோல்வியா, அல்லது தாய்க்கப்பல் சிதைந்தால் தோல்வியா என்பது பணிக்குப் பணி மாறும். தோழர் ஒருவரின் உயிரே நிபந்தனையாக இருந்தால், அவர் நிற்கும் களத்திலிருந்து இரண்டு களங்களுக்கு அப்பால் செல்லாதீர்கள். கணினி இயக்கும் தோழர்கள் துணிச்சல் மிகுந்தவர்கள், ஆனால் அறிவில் குறைந்தவர்கள். எதிரி வீரர் மூவர் சூழ்ந்து நிற்கும் இடத்துக்குள் தனியாக நுழைந்துவிட்டு உதவி கேட்டுக் கத்துவார்கள். அந்தக் கத்தல் திரையில் முகப்படத்துடன் எழுத்தாகத் தோன்றும். வாளை வீசிக்கொண்டே அதைப் படிக்கப் பழகுங்கள், ஏனெனில் எந்தத் திசையில் ஆபத்து என்பதை அதுவே முதலில் சொல்லும்.

இன்னொன்று. நிலப்படத்தைப் பத்து விநாடிக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். சிறு எதிரிகளோடு பொருதும்போது அவர்களைக் கூர்ந்து பார்க்கத் தேவையே இல்லை. விரல்கள் தம் வேலையைச் செய்துகொண்டிருக்க, கண்ணை மூலைக்கு அனுப்பலாம்.

விரல்களுக்கான வேலை

சதுரப் பொத்தான் சாதாரண வெட்டு. முக்கோணம் வலிமைத் தாக்குதல். முக்கோணத்தை மட்டும் அழுத்தினால் பெரும்பாலான இயந்திரங்கள் துப்பாக்கியால் சுடும். சதுரத்தை ஒருமுறை அழுத்திய பின் முக்கோணம், இருமுறை அழுத்திய பின் முக்கோணம் என்று எண்ணிக்கை கூடும்போது ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு தாக்குதல் வெளிப்படும்: ஒன்று எதிரியை மேலே தூக்கும், இன்னொன்று வட்டமாகச் சுழன்று கூட்டத்தையே சிதறடிக்கும். எந்த எண்ணிக்கைக்கு எது வரும் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடுவதால், புதிய இயந்திரம் கிடைத்ததும் எளிய பணி ஒன்றில் எல்லா எண்ணிக்கைகளையும் வரிசையாகச் செய்து பார்த்து, கூட்டத்துக்கு ஒன்றும் தனி எதிரிக்கு ஒன்றுமாக இரண்டை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மனனம் செய்ய முயல்பவர் நெருக்கடியில் எல்லாவற்றையும் மறப்பார்.

பெருக்கல் குறிப் பொத்தான் உந்துவிசைப் பாய்ச்சலுக்குரியது. சீன வரலாற்று ஆட்டங்களுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இந்தப் பாய்ச்சல்தான். குதிரை தேடி அலைய வேண்டியதில்லை. களத்துக்குக் களம் இயந்திரமே சறுக்கிச் செல்லும். ஆனால் இதற்கும் ஓர் அளவி உண்டு. அது முற்றாகத் தீர்ந்துபோகும் அளவுக்குப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் இயந்திரம் சூடேறிச் சற்று நேரம் திணறி நிற்கும்; எதிரி வீரரின் முன்னால் அப்படி நின்றால் விளைவைச் சொல்லத் தேவையில்லை. அளவி கால்பங்குக்குக் குறையும்போது விரலை எடுத்து, அது நிரம்பும்வரை அருகிலுள்ள சிறு எதிரிகளை வெட்டிக்கொண்டிருங்கள். வெட்டின் நடுவே, எதிரியின் பதிலடி வருவதைக் கண்டால், பாய்ச்சலைக் கொண்டு அந்த வெட்டை முறித்து விலகலாம். தேர்ந்த ஆட்டக்காரரையும் புதியவரையும் பிரித்துக் காட்டுவது இந்த ஒரு பழக்கம்.

வட்டப் பொத்தானுக்குரிய சிறப்புத் தாக்குதலைச் சிறு எதிரிகள் மேல் செலவிடுவது ஊதாரித்தனம். பெயருள்ள எதிரி இருவர் ஒன்றாக நெருங்கும்போது பயன்படுத்த அதை வைத்திருங்கள். தடுப்பு முன்பக்கத்தை மட்டுமே காக்கும். சூழப்பட்டால் தடுத்துக்கொண்டு நிற்பதைவிடப் பாய்ந்து வெளியேறுவதே மேல்.

பெரிய எதிரிகள்

இரண்டாவது ஆட்டம் முதல் பிக் ஸாம், சைக்கோ கன்டாம் போன்ற மலையளவு இயந்திரங்களோடு மோத வேண்டியிருக்கும். மூலக் கதையில் பிக் ஸாம் ஏறத்தாழ 60 மீற்றர் உயரமுடையது. தொலைவிலிருந்து சுடும் ஒளிக்கற்றைகளைத் திருப்பிவிடும் காப்புப் புலம் அதற்கு உண்டு. அருகில் நெருங்கித்தான் அதை வீழ்த்துகிறார்கள். ஆட்டத்திலும் அந்த உணர்வோடு ஆடுங்கள். தூரத்தில் நின்று முக்கோணத்தை அழுத்திக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அது ஆற்றலைத் திரட்டும்போது உடல் ஒளிரத் தொடங்கும். அந்த நேரத்தில் முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் பாய்ந்து, சுட்டு முடித்ததும் காலடிக்குச் சென்று இரண்டு மூன்று வெட்டுகள் வெட்டிவிட்டு மீண்டும் விலகுங்கள். நான்காவது வெட்டுக்கு ஆசைப்பட வேண்டாம்.

விமானியும் இயந்திரமும்

கதைப் பணிகளை முதலில் அமுரோவைக் கொண்டு தொடங்குங்கள். அவருடைய கன்டாமுக்குத் தனிப்பெருஞ் சிறப்போ தனிக்குறையோ இல்லாததால் அடிப்படைகளைக் கற்க உகந்தது. இயந்திரத்தைச் செலுத்தும் விமானியின் தரநிலை உயர உயரப் புதிய திறன்கள் சேரும். வீழ்த்தப்பட்ட எதிரிகளிடமிருந்து இயந்திரத்துக்கான பாகங்களும் கிடைக்கும். பாகங்களைத் தேர்ந்தெடுக்கும்போது தாக்கும் வலுவை மட்டும் பார்க்காமல், தொடக்க நிலையில் காப்புக் கவசத்தையும் உந்துவிசையையும் கூட்டுபவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். பின்னர் வெவ்வேறு தொடர்களின் வீரர்கள் ஒரே களத்தில் சந்திக்கும் பகுதியில், ஜி கன்டாம் தொடரின் டொமோன் போலக் கைச்சண்டை செய்பவரை எடுத்தால் தனி எதிரிகள் விரைவில் வீழ்வார்கள். முதலாவது ஆட்டத்துக்கென ஹஜிமே கதோகி புதிதாக வடிவமைத்த முஷா கன்டாமையும் எப்படியாவது திறந்து பாருங்கள். சாமுராய்க் கவசம் அணிந்த அந்த இயந்திரத்தைக் காண்பதற்காகவே ஆட்டத்தைத் தொடர்ந்தவர்கள் உண்டு.

இருவர் சேர்ந்து ஆடுவதானால் ஒரே திரையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். சிறிய தொலைக்காட்சியில் அப்போது நிலப்படம் கண்ணுக்கு எட்டாத அளவுக்குச் சுருங்கிவிடுவதால், ஒருவர் முன்னேறிக் களம் பிடிக்க, மற்றவர் தலைமைத் தளத்தை ஒட்டிய களங்களை விட்டு அகலாமல் காக்க வேண்டும் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். யார் காப்பது என்பதில் அண்ணன் தம்பிக்குள் சண்டை வருவது உறுதி. பணிக்குப் பணி மாறிக்கொண்டால் தீரும். லயத்துச் சுவர்கள் மெல்லியவை, பக்கத்துக் காம்பராவில் விடியற்காலையில் பெரட்டுக்குச் செல்ல வேண்டியவர்கள் உறங்குவார்கள் என்பதால், இரவு எட்டு மணிக்குப் பின் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு, திரையில் வரும் எழுத்தை நம்பியே ஆடுங்கள்.