கத்திரி வெயிலில் எம்ஜிபி ஓட்டுகிறவர்களுக்கு

ஈசிஆரில் சீராகப் போகும்போது என் 1965 எம்ஜிபியின் (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) டெம்பரேச்சர் முள் அசையாது. கிண்டி சிக்னலில் நின்றால்தான் ஏற ஆரம்பிக்கும். உங்கள் வண்டி எப்போது சூடாகிறது என்று முதலில் கவனியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஓடும்போதே ஏறினால் ரேடியேட்டர் அடைப்பையும் இக்னிஷன் டைமிங்கையும் (ஸ்பார்க் விழும் நேரம்) சந்தேகப்படுங்கள். நிற்கும்போது மட்டும் ஏறினால் காற்று போதவில்லை.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் நம் ஊர் போர் தண்ணீர். உப்பு குழாய்களுக்குள் படிந்துவிடும். வெளியே பைப் வைத்து அடித்துப் பயனில்லை. மேல் டேங்கைக் கழற்றி, குழாய் குழாயாகக் கம்பி விட்டுச் சுத்தம் செய்கிற கடையில் கொடுங்கள். என்ஜின் பிளாக்கில் இருக்கும் டிரெயின் டேப்பையும் திறந்து பாருங்கள். தண்ணீர் வராவிட்டால் உள்ளே சேறு உறைந்திருக்கிறது. கம்பியால் குத்தி எடுங்கள். பிறகு கான்சன்ட்ரேட் கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி.

தெர்மோஸ்டாட்டை (என்ஜின் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு) பிடுங்கி எறியச் சொல்லும் மெக்கானிக்கிடம் ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். வழக்கமானது 82 டிகிரியில் திறக்கும். வெப்ப நாடுகளுக்கென்றே 74 டிகிரியில் திறப்பது இருக்கிறது, அதைப் போடுங்கள்.

இனி காற்று. கிரில்லை மறைக்கும் நம்பர் பிளேட்டை இறக்குங்கள். ஃபாக் லைட்டையும்தான், சென்னையில் அது எதற்கு? ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடுக்குகளை ஃபோம் வைத்து அடையுங்கள், இல்லாவிட்டால் காற்று அந்த வழியாக நழுவிவிடும். எலக்ட்ரிக் ஃபேன் மாட்டுவதென்றால் கவனம்: 1967 வரை வந்த எம்ஜிபிகள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். வழக்கம்போல் கறுப்பு ஒயரை பாடியில் கொடுத்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். ஒயரை மாற்றிக் கொடுத்து, கிரில் முன் ஒரு காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள். உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆல்டர்னேட்டருக்குப் பதில் பழைய டைனமோ இருக்கும் வண்டியில் ஐடிலில் சார்ஜ் ஏறாது, ஃபேன் பேட்டரியைத்தான் தின்னும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

ஹீட்டரைப் பலர் கழற்றி வீசிவிடுகிறார்கள். வேண்டாம், அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர். கத்திப்பாராவில் மாட்டிக்கொண்டால் ஹீட்டரை முழுசாகத் திறந்து, நியூட்ரலில் போட்டு, 1500 ஆர்பிஎம் வரை லேசாக மிதியுங்கள். பம்ப்பும் பெல்ட் ஃபேனும் வேகமெடுக்கும். உங்கள் கால் வேகும், வேறு வழியில்லை.

அப்படியும் இறங்காவிட்டால் ஓரங்கட்டி பானெட்டைத் தூக்குங்கள். ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். இந்த வண்டியில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், அதனால் நிறுத்திய பிறகு பெட்ரோல் கொதிக்கும். ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஸ்டார்ட்டரைப் போட்டு வதைக்காமல் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.