வாழைக்குலையும் ஏணியும்: திண்பொருள் சமநிலைக் கணக்கைப் படிப்படியாகப் போடுவது எப்படி?

மார்த்தாண்டம் பக்கம் சந்தையில் குலை இறக்குகிற நேரத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். இரண்டு பேர் ஒரு கம்பைத் தோளில் வைத்து, இடையில் ஏத்தன் குலைகளைக் கட்டித் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். தூக்கியதுமே முன்னால் இருப்பவர் திரும்பி, “அண்ணே, குலைய இத்திரி பின்னால தள்ளும்” என்பார். பின்னால் இருப்பவர் கயிற்றை ஒரு சாண் நகர்த்துவார். முன்னவரின் தோள் லேசாகிவிடும். மொத்தச் சுமை அப்படியேதான் இருக்கிறது, பங்கு மட்டும் மாறியிருக்கிறது. அந்தப் பங்கைத் தாளில் போடத் தெரிந்தால், முதலாம் ஆண்டு மெக்கானிக்ஸில் பலர் பயப்படுகிற சமநிலைப் பாடத்தில் பாதி கைக்கு வந்தது போலத்தான்.

முதலில் இரண்டு வரியில் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். திண்பொருள் என்றால் வளையாது, நசுங்காது என்று நாம் எடுத்துக்கொள்ளும் பொருள். அது அசையாமல் நிற்க வேண்டுமானால் இரண்டு விஷயம் நடக்க வேண்டும்: விசைகள் எல்லாம் கூட்டினால் பூஜ்யம், எந்தப் புள்ளியைச் சுற்றிப் பார்த்தாலும் திருப்புத்திறன்கள் எல்லாம் கூட்டினாலும் பூஜ்யம். முதலாவது பொருள் நகராமல் பார்த்துக்கொள்கிறது. இரண்டாவது அது சுழலாமல் பார்த்துக்கொள்கிறது. திருப்புத்திறன் என்பது விசையை, அந்த விசைக்கோட்டுக்குப் புள்ளியிலிருந்து உள்ள செங்குத்துத் தூரத்தால் பெருக்கி வருவது. கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் சிரமம், விளிம்பில் தள்ளினால் சுலபம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே விஷயம்தான் இது.

படி 1: பொருள் எது என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானோர் தாண்டிக் குதிக்கிறார்கள். என்னிடம் கணக்கோடு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் தடுமாறுவது சமன்பாட்டில் இல்லை, இங்கேதான்.

நம்மூர் மாத்தூர் தொட்டிப்பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பறளியாற்றுக்கு மேலே, 28 தூண்களின் மீது, 115 அடி உயரத்தில் தண்ணீரைக் கடத்துகிற பாலம், 1966இல் கட்டியது. தொட்டி சுமார் 7 அடி உயரம், ஏழரை அடி அகலம். அது முழுக்க நிறைந்தால் ஓரடி நீளத்தில் 52.5 கன அடி தண்ணீர் நிற்கும். ஒரு கன அடி தண்ணீர் 28.3 கிலோ என்றால், அடிக்கு அடி ஏறத்தாழ ஒன்றரை டன். சரி, இதில் பொருள் எது?

தொட்டியை மட்டும் எடுத்தால், தண்ணீர் வெளி ஆள். அது தொட்டியின் அடியை அழுத்துகிறது, இரண்டு பக்கச் சுவர்களையும் வெளியே தள்ளுகிறது. அந்த அழுத்தங்களைப் படத்தில் காட்ட வேண்டும். தொட்டியையும் தண்ணீரையும் சேர்த்து ஒரே பொருளாக எடுத்தால், அந்தத் தள்ளல் உள்வீட்டு விஷயமாகிவிடும்; படத்தில் வராது. தண்ணீரின் எடை மட்டும் வரும். தூணை மட்டும் எடுத்தால், மேலே இருப்பதெல்லாம் சேர்ந்து தூணின் தலையில் கீழ்நோக்கி அழுத்தும் விசையாக மாறிவிடும். பாலம் ஒன்று, படங்கள் மூன்று. மூன்றும் சரிதான். மூன்றையும் கலந்து ஒன்றாக வரைந்தால் மட்டும் தப்பு.

நம் குலைக் கணக்குக்குக் கம்புதான் பொருள். ஆட்கள் வெளியே, குலையும் வெளியே.

படி 2: தொட்ட இடமெல்லாம் அம்பு போடுங்கள்

கம்பைத் தனியாக வரையுங்கள். ஆட்களை வரையாதீர்கள், தரையை வரையாதீர்கள். அப்புறம் கம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலை ஓட்டிக்கொண்டே போங்கள். எது கம்பைத் தொடுகிறதோ அங்கே ஒரு அம்பு. முன்னவரின் தோள் தொடுகிறது: மேல்நோக்கி ஒரு விசை, பெயர் ‘மு’. குலைக்கயிறு தொடுகிறது: கீழ்நோக்கி. பின்னவரின் தோள்: மேல்நோக்கி, பெயர் ‘பி’. தொடாமலே இழுப்பது பூமி மட்டும்தான். அதற்குக் கம்பின் எடையை அதன் நடுவில், கீழ்நோக்கிப் போடுங்கள். கல்லூரியில் ஃப்ரீ பாடி டயகிராம் என்று சொல்வது இதைத்தான்.

அளவுகள்: கம்பு 3 மீட்டர் நீளம், 6 கிலோ. தோள்கள் இரண்டு முனைகளிலும். குலைகள் மொத்தம் 30 கிலோ, முன் முனையிலிருந்து 1 மீட்டரில். எடையைக் கிலோவிலேயே வைத்துப் போடுகிறேன். தேர்வில் நியூட்டனில் கேட்டால் கடைசி விடையை 9.81ஆல் பெருக்கிவிடுங்கள்.

தாங்கிகள், அதாவது பொருளைத் தாங்கிப் பிடிப்பவை, வகை வகையாக வரும்போது மட்டும் ஒரு விதியை நினைவில் வையுங்கள். தாங்கி எந்த அசைவைத் தடுக்கிறதோ அந்தத் திசையில்தான் விசை தரும். உருளைத் தாங்கி ஒரு விசை, கீல் இரண்டு விசை, சுவருக்குள் புதைத்த உத்தரம் இரண்டு விசையோடு ஒரு திருப்புத்திறனும்.

படி 3: தெரியாத விசை இருக்கிற புள்ளியில் நின்று சுற்றிப் பாருங்கள்

சமநிலையில் இருக்கிற பொருளுக்கு எந்தப் புள்ளியைச் சுற்றியும் திருப்புத்திறன் பூஜ்யம்தான். அப்படியானால் நமக்கு வசதியான புள்ளியை நாமே எடுத்துக்கொள்ளலாம். பின்னவரின் தோளை எடுங்கள். ‘பி’ அந்தப் புள்ளி வழியாகவே போவதால் அதன் தூரம் பூஜ்யம். கணக்கிலிருந்து தானாகவே விலகிவிடும். மிச்சம் ஒரே ஒரு தெரியாத எண். அங்கிருந்து குலை 2 மீட்டர், கம்பின் நடு 1.5 மீட்டர்.

மு × 3 = 30 × 2 + 6 × 1.5

வலப்பக்கம் 69. ஆக, மு = 23 கிலோ. மேலே கீழே விசைகளைக் கூட்டினால் மு + பி = 36, ஆகவே பி = 13 கிலோ.

முன்னவர் ஏன் முனகினார் என்று இப்போது தெரிகிறது. பின்னவரைவிட 10 கிலோ கூடுதலாக அவர் தோளில்.

படி 4: வேறு புள்ளியில் நின்று சரிபாருங்கள்

முன்னவரின் தோளைச் சுற்றிப் போடுங்கள். 13 × 3 = 39. அந்தப் பக்கம் 30 × 1 + 6 × 1.5 = 39. பொருந்துகிறது. அரை நிமிடம்தான் ஆகும், தயவுசெய்து இதை விடாதீர்கள். குறி மாறிய தப்புகள் எல்லாம் இங்கே பிடிபடும்.

இனி ஏணி

எங்கள் வீட்டில் ஒரு ஆனி மாதம், ஒழுகுகிற ஓடுகளை மாற்ற ஏணி வைத்து ஏறினார் சித்தப்பா. மழையில் முற்றமெல்லாம் பாசி. பாதி ஏறும்வரை அசையாமல் நின்ற ஏணி, அவர் இறவாரத்துக்குக் கை நீட்டும்போது அடி வழுக்கிக் கீழே வந்தது. மணிக்கட்டு முறிந்தது. பாதி வரை நின்றது ஏன் பிறகு வழுக்கியது என்ற கேள்வி எனக்குப் பல வருடம் மனதில் கிடந்தது. விடை நாலு வரிக் கணக்கில் இருக்கிறது.

ஏணி 5 மீட்டர், 10 கிலோ. அடி சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கிறது. நுனி 4 மீட்டர் உயரத்தில் சுவரைத் தொடுகிறது. ஆள் 60 கிலோ. சுவர் வழவழப்பானது, உராய்வில்லை என்று வைத்துக்கொள்வோம். விரலை ஓட்டுங்கள்: அடியில் தரை மேல்நோக்கித் தரும் விசை, அடி வெளியே ஓடாமல் சுவரை நோக்கிப் பிடிக்கும் உராய்வு, ஏணியின் நடுவில் 10, ஆள் நிற்கும் இடத்தில் 60, நுனியில் சுவர் கிடையாகத் தள்ளும் விசை ‘சு’.

எந்தப் புள்ளியைச் சுற்றி? ஏணியின் அடி. தெரியாத இரண்டு விசைகள் அங்கே ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன, இரண்டும் விலகிவிடும்.

ஆள் ஏணியில் 2 மீட்டர் ஏறியிருக்கும்போது, அடியிலிருந்து அவருடைய கிடைத் தூரம் 1.2 மீட்டர்.

சு × 4 = 10 × 1.5 + 60 × 1.2 = 87. சு = 21.75.

கிடையாக வேறு விசை இல்லாததால் உராய்வும் 21.75தான். தரை மேல்நோக்கித் தருவது 70. உராய்வுக் குணகம், அதாவது தரை மேல்நோக்கித் தருவதில் எத்தனை பங்கு வரை உராய்வாகக் கிடைக்கும் என்ற எண், குறைந்தது 21.75 ÷ 70, அதாவது 0.31 வேண்டும்.

அதே ஆள் 4 மீட்டர் ஏறினால் கிடைத் தூரம் 2.4. சு × 4 = 15 + 144 = 159. சு = 39.75. இப்போது வேண்டிய குணகம் 0.57. தரை அதே தரை, எடை அதே எடை. ஏற ஏற அடியில் கேட்கிற உராய்வு ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது. பாசி பிடித்த சிமெண்ட் தரையை நம்பி அதைக் கேட்கக் கூடாது.

ஏணியின் அடியைச் சுவரிலிருந்து 1.4 மீட்டர் தூரத்துக்கு உள்ளே இழுத்துப் பாருங்கள். நுனி 4.8 மீட்டர் உயரத்துக்குப் போகும். ஆள் அதே 4 மீட்டரில் நின்றால் கிடைத் தூரம் 1.12 மட்டும். சு × 4.8 = 7 + 67.2 = 74.2; சு = 15.46. வேண்டிய குணகம் 0.22. அந்தக் காலத்தில் எனக்கு இது தெரிந்திருந்தால், ஏணியை உள்ளே தள்ளி வைத்திருப்பேன், அடியையும் பிடித்திருப்பேன்.

சுவரிலும் உராய்வு உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. அதையும் சேர்த்தால் தெரியாத விசைகள் நான்கு, ஒரு தளத்தில் நம்மிடம் இருக்கும் சமன்பாடுகள் மூன்று. குலைக் கம்புக்கு நடுவில் மூன்றாவதாக ஒருவர் தோள் கொடுத்தாலும் இதே கதைதான். விசைகள் எல்லாம் செங்குத்தாக இருப்பதால் அங்கே உபயோகப்படுவது இரண்டே சமன்பாடுகள், ஆட்களோ மூன்று பேர். யார் எவ்வளவு சுமக்கிறார் என்பது கம்பு எவ்வளவு வளைகிறது, யார் எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்தது. வளையாத பொருள் என்ற நம் ஏற்பாடு அங்கே போதாது. அது பொருள்களின் வலிமை (ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்) பாடத்தில் வரும்.

இப்போது நீங்களே ஒன்று போடுங்கள். முதல் கணக்கில் குலை இருந்த இடத்திலேயே இருக்கட்டும், பின்னவர் மட்டும் 1 மீட்டர் முன்னால் நகர்ந்து, முன் முனையிலிருந்து 2 மீட்டரில் தோள் கொடுக்கிறார். ‘பி’ 19.5 என்றும் ‘மு’ 16.5 என்றும் வர வேண்டும். வராவிட்டால் சமன்பாட்டைத் திருத்தாதீர்கள், படத்தை மறுபடி வரையுங்கள்.