பம்பியை இன்வேர்ட்டரில் ஓட்ட ப்ளோ மீற்றர் தெரிவுசெய்யும்போது நடக்கும் பிழைகள்

இன்வேர்ட்டர் (மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பூட்டிய பம்பியை, குழாயில் ஓடும் நீரின் பாய்ச்சலை அளக்கும் ப்ளோ மீற்றர் பார்த்து ஓட்டுவதென்று முடிவானதும், கடையில் பலர் முதலில் கேட்பது "நாலு இஞ்சிக் குழாய்க்கு மீற்றர் என்ன விலை?" என்றுதான். பிழை அங்கேயே தொடங்குகிறது. மீற்றரைத் தெரிவுசெய்ய வேண்டியது குழாயின் அளவை வைத்தல்ல, அந்தப் பம்பி ஓடப்போகும் ஆகக் குறைந்த பாய்ச்சலை வைத்து.

ஒரு கணக்கைப் பாருங்கள். 100 மில்லிமீற்றர் குழாயில் மணிக்கு 36 கனமீற்றர் ஓடினால் நீரின் வேகம் செக்கனுக்கு 1.27 மீற்றர். பாய்ச்சல் 30 வீதத்துக்கு இறங்கினால் வேகம் 0.38 மீற்றர்தான். மின்காந்த மீற்றர்கள் 0.5 மீற்றருக்குக் கீழேயும் அளக்கும், ஆனால் பிழை கூடும். நீரில் எழும் சுழிகளை வைத்து அளக்கும் வோர்டெக்ஸ் வகை ஒரு எல்லைக்குக் கீழே பூச்சியம் காட்டிவிடும். பூச்சியத்தைக் கண்ட இன்வேர்ட்டர் தண்ணீர் போதவில்லையென்று மோட்டரை முழு வேகத்துக்கு ஏற்றும். மீற்றர் நிற்கும் இடத்தில் மட்டும் குழாயை 80 மில்லிமீற்றராகக் குறுக்கினால் அதே பாய்ச்சல்களில் வேகம் 2 மீற்றரும் 0.6 மீற்றரும் ஆகும். குழாயைவிடச் சின்ன மீற்றர் என்றால் பலருக்கு மனம் ஒப்பாது. ஆனால் பல இடங்களில் அதுதான் சரி.

துளையிட்ட தட்டைக் குழாயில் வைத்து, அதன் இரு பக்க அழுத்த வித்தியாசத்தால் பாய்ச்சலை அறியும் ஓரிபிஸ் தட்டு மலிவு, உறுதி. ஆனால் அது காட்டும் அழுத்த வித்தியாசம் பாய்ச்சலின் வர்க்கத்தில் குறைகிறது. பாய்ச்சல் 20 வீதமானால் அழுத்தம் வெறும் 4 வீதம். அந்த இடத்தில், அழுத்தத்தை மின் சிக்னலாக மாற்றும் டிரான்ஸ்மிற்றரின் பூச்சியப் புள்ளி முழு அளவில் 1 வீதம் நகர்ந்தாலே பாய்ச்சல் கணக்கு 12 வீதமளவில் பிழைத்துவிடும். ஒரே வேகத்தில் ஓடும் பம்பிக்கு ஓரிபிஸ் நல்லது. வேகம் மாறுகிற பம்பிக்கு, பாய்ச்சல் மூன்றில் ஒன்றுக்குக் கீழே போகுமென்றால் அதை விட்டுவிடுங்கள். தட்டில் இழக்கும் அழுத்தத்துக்கும் மின்கட்டணம் கட்டுவது நீங்கள்தான்.

பம்பி எந்த உயரத்துக்குத் தள்ளுகிறதென்று பாராமல் மீற்றரின் வீச்சை (அளக்கும் எல்லையை) முடிவுசெய்வது இன்னொரு பெரிய பிழை. மேல்தொட்டி 20 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, வால்வு மூடிய நிலையில் பம்பி 50 ஹேட்ஸில் (முழு வேகத்தில்) 30 மீற்றர் தள்ளும் என்று வைப்போம். தள்ளும் உயரம் வேகத்தின் வர்க்கத்தில் குறைவதால் 41 ஹேட்ஸில் அது 20 மீற்றராகிவிடும். அதற்குக் கீழே மோட்டர் சுற்றும், தண்ணீர் ஏறாது. உள்ளே நிற்கும் நீர் சூடாகி, தண்டோரம் நீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் போகும். ஆகவே முழுக் கட்டுப்பாடும் 41க்கும் 50க்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வெளியில்தான் நடக்கிறது. இன்வேர்ட்டரின் ஆகக் குறைந்த வேகத்தை 42 ஹேட்ஸுக்கு மேலே வையுங்கள். பாய்ச்சல் ஒரு அளவுக்குக் கீழே சில செக்கன்கள் நின்றால் பம்பி நிற்கும்படியும் செய்யுங்கள்.

அடுத்தது தண்ணீரின் குணம். மாரி மழையோடு குளத்து நீரும் ஆற்று நீரும் சேறாக வரும்போது டர்பைன் மீற்றரின் பெயாரிங் தேயும், ஓரிபிஸின் அழுத்தத்தை எடுத்துச் செல்லும் சிறு குழாய்கள் அடைபடும். சேற்றுக்கு மின்காந்த மீற்றர் ஒத்துப்போகும். மட்டக்களப்பு வாவியை அண்டிய உவர் நீருக்கு மீற்றருக்குள் நீரைத் தொடும் இலெக்ட்ரோட் 316 ஸ்டெயின்லெஸில் வேண்டாம், குளோரைட் அதைக் குழி விழ அரிக்கும். ஹாஸ்டலோய் சி என்ற நிக்கல் கலப்புலோகத்தைக் கேளுங்கள். ஆனால் மின்காந்த மீற்றருக்கு நீர் மின்னைக் கடத்த வேண்டும், பொதுவாகச் சென்றிமீற்றருக்கு 5 மைக்ரோசீமன்ஸாவது வேண்டும். தவிட்டு எண்ணெய், டீசல் எதையும் அது அளக்காது. சம்மாந்துறை, கல்முனைப் பக்கத்து அரிசி ஆலைகளில் நெல் ஊறப்போடும் நீருக்கு அது பொருந்தும். அதே ஆலையின் கொதிகலனுக்குத் திரும்பும் சுத்தமான ஒடுக்க நீருக்கு (நீராவி குளிர்ந்து கிடைக்கும் நீருக்கு)ப் பொருந்தாமல் போகலாம். குழாயை வெட்டாமல் வெளியே கட்டும் அல்ட்ராசொனிக் மீற்றருக்கு நீரில் காற்றுக்குமிழி கலந்தால் அது அனுப்பும் ஒலியலை அறுந்துவிடும். குழாய்க்கும் சென்சருக்கும் நடுவில் பூசும் ஜெல் வெயிலில் காய்ந்தாலும் வாசிப்புப் போகும்.

பிளாஸ்டிக் குழாயில் மின்காந்த மீற்றர் பூட்டும்போது எர்த் வளையங்களை விட்டுவிடுவார்கள். குழாய் மின்னைக் கடத்தாததால் நீருக்கு எர்த் கிடைக்காது, இன்வேர்ட்டர் ஓடியதும் வாசிப்புத் துள்ளும். இரு பக்கமும் வளையம் போட்டு மீற்றர் உடலோடு இணையுங்கள். சிக்னல் வயரை மோட்டர் வயரோடு ஒரே குழாயில் இழுக்கக்கூடாது.

பொருத்தும் இடத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். உறிஞ்சும் பக்கம் வேண்டாம். தண்ணீர் மேல்நோக்கி ஏறும் நிலைக்குத்துக் குழாய் நல்லது, எப்போதும் நிறைந்திருக்கும். மின்காந்த மீற்றருக்கு முன்னால் குழாய் விட்டத்தின் 5 மடங்கு நேர்க்குழாய் விடுங்கள், பம்பிக்குப் பக்கமென்றால் 10 மடங்கு. 80 மில்லிமீற்றருக்கு அது 80 சென்றிமீற்றர். கட்டுப்படுத்தும் வால்வு மீற்றருக்குப் பின்னால் வரட்டும்.

மாதப் பாவனை பார்க்கும் மீற்றரின் பல்ஸை இன்வேர்ட்டருக்குக் கொடுப்பதும் நடக்கிறது. 100 லீற்றருக்கு ஒரு பல்ஸ் என்றால், செக்கனுக்கு 10 லீற்றர் ஓடும்போது 10 செக்கனுக்கு ஒரு தடவைதான் செய்தி வரும். 3 லீற்றருக்கு இறங்கினால் 33 செக்கன். அதுவரை பம்பி கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுகிறது. கட்டுப்பாட்டுக்கு, பாய்ச்சலுக்கேற்பத் தொடர்ந்து மாறும் 4 முதல் 20 மில்லிஅம்பியர் சிக்னல் எடுங்கள். மீற்றரில் 20 மில்லிஅம்பியர் என்பது மணிக்கு 60 கனமீற்றரென்றால் இன்வேர்ட்டரிலும் 60 என்றே பதியுங்கள். வாசிப்பின் துள்ளலைச் சமப்படுத்தும் நேரமான டாம்பிங்கை 2, 3 செக்கனில் தொடங்குங்கள். 10 செக்கனுக்கு ஏற்றினால் வாசிப்பு அழகாக நிற்கும், மோட்டர் ஏறி இறங்கி அலையும்.

உங்களுக்கு வேண்டியது குழாயில் ஒரே அழுத்தம் மட்டுமென்றால் அழுத்த டிரான்ஸ்மிற்றரே போதும். கிணறு வற்றினால் பம்பி நிற்க வேண்டுமென்பதற்கு ப்ளோ சுவிட்ச் போதும்.

பூட்டியபின் தொட்டியில் சரிபாருங்கள். 2 மீற்றருக்கு 2 மீற்றர் தொட்டியில் நீர் 25 சென்றிமீற்றர் ஏறினால் 1000 லீற்றர். மணிக்கு 36 கனமீற்றரென்று மீற்றர் காட்டும்போது அதற்கு 100 செக்கன் எடுக்க வேண்டும். தொட்டியிலிருந்து நீர் வெளியேறும் வால்வை மூடிவிட்டு, முழு வேகத்தில் ஒருமுறையும் ஆகக் குறைந்த வேகத்தில் ஒருமுறையும் செய்யுங்கள். முழு வேகத்தில் சரியாக வந்து குறைந்த வேகத்தில் பிசகினால், முதலில் மீற்றரின் அளவையும் குழாய் நிறைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.