டேட்டன் வழக்கைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரிணாமக் கொள்கைக்கும் சமயத்துக்கும் சண்டை என்று பேச்சு வந்தாலே 1925 ஜூலையில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடந்த வழக்கை இழுப்பார்கள். மனிதன் கீழ்நிலை விலங்கிலிருந்து தோன்றினான் என்று அரசுப் பள்ளியில் கற்பிக்கக் கூடாதென்ற புதிய சட்டத்தை மீறியதாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர் டேட்டன் ஊரில் கூண்டில் நின்றார். அவருக்கு எதிராக வாதாட வந்தவர், பரிணாமத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன்.

பிரையனை இன்றைய வலதுசாரிகளின் அச்சில் வார்ப்பதுதான் முதல் தவறு. ஜனநாயகக் கட்சி சார்பில் மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்றவர் அவர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர். நாடு போருக்குள் இழுக்கப்படுமோ என்று அஞ்சி 1915-இல் வெளியுறவு அமைச்சர் பதவியையே உதறினார். 'வலியவனே வாழ்வான்' என்ற எண்ணம் எளியவர்களை நசுக்கிவிடும் என்ற கவலை அவருக்கு உண்மையாகவே இருந்தது. வழக்கில் அடிபட்ட பாடநூலும் வெள்ளையரை இனங்களின் உச்சியில் வைத்தது. 'தகுதியற்றவர்கள்' பிள்ளை பெறுவதைத் தடுத்து இனத்தை உயர்த்தலாம் என்ற மனித இனமேம்பாட்டியலையும் பரிந்துரைத்தது. அறிவியலின் பக்கம் நிற்கும் நாம் இதை மறைக்கக் கூடாது. அதற்காகப் பரிணாமமே பொய் என்று தாவுவதும் தவறுதான். பாடநூலின் இனவெறியால் புதைபடிவச் சான்றுகள் பொய்யாகிவிடாது.

அடுத்தது, உலகம் ஆறே நாளில், அதுவும் 24 மணி நேர நாட்களில், படைக்கப்பட்டதாகப் பிரையன் சாதித்தார் என்பது. ஜூலை 20 அன்று வெயில் தாங்காமல் விசாரணை நீதிமன்றப் புல்வெளிக்கு மாறியது. ஸ்கோப்ஸுக்காக வாதாடிய வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ பிரையனையே சாட்சியாக அழைத்து, பைபிளில் வரும் யோனாவை விழுங்கிய மீன், யோசுவா நிறுத்திய சூரியன் என்று துளைத்தெடுத்தார். படைப்பின் நாட்கள் 24 மணி நேர நாட்கள் அல்ல, நீண்ட காலகட்டங்களாக இருக்கலாம் என்று அங்கே ஒப்புக்கொண்டவர் பிரையன்தான். ஜூரிகள் அதைக் கேட்கவில்லை. மறுநாள் நீதிபதி அந்தச் சாட்சியத்தையே பதிவிலிருந்து நீக்கிவிட்டார்.

நீதிமன்றத்திலேயே பிரையன் சுருண்டு விழுந்து இறந்தார் என்பது நாடகக் கற்பனை. தீர்ப்பு வந்து ஐந்து நாள் கழித்து, டேட்டனில் தூக்கத்தில் இறந்தார்.

சரி, வென்றது யார்? பரிணாமம் என்று சொல்லிவிடாதீர்கள். மேல்முறையீட்டுக்குப் போவதற்காக, குற்றவாளி என்றே தீர்ப்பளியுங்கள் என டாரோவே ஜூரிகளைக் கேட்டார். அபராதம் 100 டாலர். அந்தத் தொகையை ஜூரிகள்தான் விதித்திருக்க வேண்டும், நீதிபதி அல்ல என்ற காரணத்தைச் சொல்லி 1927-இல் மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. சட்டத்தைத் தொடவில்லை. அது 1967 வரை நீடித்தது. இத்தகைய தடை அரசமைப்புக்கு எதிரானது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்னது 1968-இல்தான், அதுவும் ஆர்கன்சா மாநிலத்து வழக்கில்.