டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்களுக்கு: விடியற்காலை ஏரிக்கரையில் இரண்டு மணி நேரம்

சிங்கப்பூரில் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நவம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. ஊரில் பறவை பார்க்கவும் படமெடுக்கவும் ஆசைப்படுகிறவர்கள் அதன் கடைசிப் பத்து நாட்களுக்கு டிக்கெட் போடுவது நல்லது. டிசம்பர் பாதி வரை காவிரி டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை இருக்கும். வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு வந்தால் இரண்டு மூன்று நாள் வீட்டைவிட்டு நகர முடியாது. மார்கழி பிறந்து ஒரு வாரம் ஆனபிறகு மழை தணியும், ஏரிகளில் தண்ணீர் நிற்கும், வடக்கிலிருந்து வரும் வாத்துகளும் இறங்கியிருக்கும். பொங்கலுக்கு லீவு கிடைத்தால் இன்னும் நல்லது.

ஊருக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். சிங்கப்பூரில் ஏழு மணிக்கு எழுந்து பழகிய உடம்பு, திருச்சியில் இறங்கிய மறுநாள் காலை நாலரைக்கே விழித்துக்கொள்ளும். அந்த முதல் நான்கைந்து நாட்களைத் தூங்கிக் கழிக்காதீர்கள். ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் சூரியன் ஏறும் ஆறரை மணிக்கு ஏரிக்கரையில் இருக்கலாம். எட்டரைக்குத் திரும்பி வந்தால் உறவினர் வீட்டுச் சாப்பாட்டுக்கோ கல்யாணத்துக்கோ எந்தக் குறையும் வராது. ஒரு வாரம் கழித்துப் போகலாம் என்று தள்ளிப்போட்டால் உடம்பு ஊர் நேரத்துக்கு மாறிவிடும், பிறகு எழுவது சிரமம்.

எங்கே போவது? முதலில் உங்கள் ஊர் ஏரியையும் குளத்தையும் பாருங்கள். சரணாலயம்தான் வேண்டுமென்றால், மன்னார்குடி, தஞ்சாவூர்ப் பக்கத்தாருக்கு வடுவூர் ஏரி. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையிலேயே இருக்கிறது. பெரியவர்கள் கோதண்டராமர் கோயிலில் மார்கழி தரிசனம் முடிப்பதற்குள் நீங்கள் கரையைச் சுற்றிவரலாம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் என்றால் உதயமார்த்தாண்டபுரம். அரியலூர் மாவட்டக் கரைவெட்டியில், இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-லும், கரைவெட்டி 2024-லும் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. கதவு திறக்கும் நேரத்தையும் கேமராக் கட்டணத்தையும் முந்தின நாளே வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பத்து, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாகக் கையில் இருக்கட்டும்.

கரையில் நிற்கும் இடம்தான் படத்தைத் தீர்மானிக்கிறது. டிசம்பரில் சூரியன் தென்கிழக்கில் உதிக்கும். ஏரியின் தென்கிழக்கு மூலையில் நின்றால் வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்கும், பறவையின் கண்ணில் ஒளி விழும். எதிர்க்கரையில் நின்றால் எல்லாம் கறுப்பு உருவம்தான். சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஈரநிலத்தில் கொக்கு மனிதரைப் பொருட்படுத்தாது. ஊரில் ஆள் கிட்டே வருவதற்குள் எழுந்துவிடும். அதனால் 400 மி.மீ. லென்ஸாவது வேண்டும். அது இல்லாதவர்கள் எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலரோடு போய்ப் பார்த்து ரசிப்பதே நிறைவு தரும்.

காரிலிருந்தே எடுப்பது பல சமயம் நல்ல பலன் தரும். வண்டிக்குப் பறவை அவ்வளவாக அஞ்சாது, கதவு திறந்து ஆள் இறங்கினால்தான் பறக்கும். டிரைவரிடம் முதலிலேயே, "அண்ணே, ஏரிகிட்ட போனதும் ஹாரன் வேணாம், இன்ஜினை ஆஃப் பண்ணிடுங்க" என்று சொல்லிவையுங்கள். இன்ஜின் ஓடினால் அதிர்வில் படம் கலங்கும். ஜன்னலில் லென்ஸைத் தாங்க, ஜிப் வைத்த வெறும் துணிப்பையை இங்கிருந்து கொண்டுபோய், ஊரில் இரண்டு கிலோ அரிசி வாங்கி முக்கால் பங்கு நிரப்புங்கள். முழுக்க நிரப்பினால் லென்ஸ் அதில் பதியாமல் உருளும்.

வயலில் பொறுமையாகப் பார்க்க வேண்டியது நத்தைகுத்தி நாரை. அலகை மூடியிருந்தாலும் நடுவில் இடைவெளி தெரியும், அதன் வழியே அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். குஞ்சுக்கு இது இருக்காது, வளர வளரத்தான் வரும். சேற்றில் நத்தையைப் பிடித்ததும் ஓட்டை உடைக்காது. கீழலகின் நுனியை உள்ளே செலுத்திச் சதையை மட்டும் உருவி எடுக்கும். இதெல்லாம் பெரும்பாலும் தலை தண்ணீருக்குள் இருக்கும்போதே நடந்துவிடும். தலை மேலே வரும் அந்த நொடிக்காக ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியில் வைத்துக் காத்திருங்கள். பறக்கும்போது எடுக்க 1/1600-க்குக் குறையக் கூடாது. பச்சை நாற்றுக்கு நடுவே வெள்ளைக் கொக்கு நின்றால் கேமரா அதை வெளுப்பாக்கிவிடும், எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, 0.7 ஸ்டாப் குறையுங்கள். மூடுபனியில் நேர்மாறாகப் படம் இருட்டடிக்கும், 0.7 முதல் 1 வரை கூட்டுங்கள்.

ஏசி அறையில் வைத்த கேமராவை வெளியே எடுத்ததும் ஈரம் படிந்து லென்ஸ் பூத்துப்போகும். சிங்கப்பூரிலும் இதே கதைதான். இரவில் பையை ஏசி இல்லாத கூடத்தில் வைத்துவிட்டால் காலையில் அரை மணி நேரம் வீணாகாது. துணியால் துடைத்தால் மறுபடியும் பூக்கும், தானாகக் காயவிடுங்கள்.

வரப்பில் செருப்போடு நடக்காதீர்கள். களிமண் வழுக்கும். அதைவிட முக்கியம், நெல் வயல் கண்ணாடி விரியன் இருக்கும் இடம். கணுக்கால் மூடிய ஷூ போடுங்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் கால் வைக்க வேண்டாம். கடித்துவிட்டால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

கோடியக்கரைச் சரணாலயத்துக்கு ஒரு முழு நாள் வேண்டும். வேதாரண்யத்தில் இரவு தங்கி விடிவதற்குள் போவது நல்லது. புல்வெளியில் வெளிமான், ஆழம் குறைந்த உப்புநீரில் பூநாரை. பெருமழையில் நீர் ஆழமானால் பூநாரை இடம் மாறிவிடும், அதனால் ஜனவரிதான் நல்ல மாதம். காலை ஒன்பதுக்கு மேல் சேற்றுப்பரப்பில் கானல் எழும், எவ்வளவு விலையுள்ள லென்ஸானாலும் படம் தெளியாது. உப்புக் காற்றும் மணலும் இருப்பதால் அங்கே லென்ஸை மாற்றாதீர்கள்.

ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். 2022 பிப்ரவரியிலிருந்து இந்தியாவுக்குள் ட்ரோன் இறக்குமதிக்குத் தடை, சுங்கத்தில் பிடித்துவைப்பார்கள். மலையேறிகள் வைத்திருக்கும் சேட்டிலைட் கருவிகளும் வேண்டாம். ஊரில் உருண்டை முனை பிளக்தான், அடாப்டரைச் சிங்கப்பூர்த் தேக்காவிலேயே வாங்கிக்கொள்ளலாம். பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில் வரட்டும். குழந்தைகள் ஆசையாகப் பொறுக்கிய மயிலிறகைத் திரும்பும்போது பெட்டியில் வைக்காதீர்கள், அதை நாட்டைவிட்டுக் கொண்டுபோக அனுமதி இல்லை. பையிலிருக்கும் இரண்டு கிலோ அரிசியை அத்தை வீட்டுச் சமையலறையில் கொட்டிவிட்டு, வெறும் பையை மடித்து எடுத்துவாருங்கள்.