மாமா போட்ட ரிக்கெற்றும் இடைநிலையத்தில் ஓர் இரவும்

ஊருக்குப் போகிறவர் என்ன கொண்டுபோக வேண்டும் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது வழியில் கழிக்கும் இரவைப் பற்றி மட்டும். ஐரோப்பாவிலிருந்து கொழும்புக்கோ சென்னைக்கோ போகும் மலிவான ரிக்கெற்றுகள் பலவற்றில் வளைகுடாவிலோ இஸ்தான்புல்லிலோ விமானம் மாற ஒரு நீண்ட தரிப்பு இருக்கும். ரிக்கெற் எடுக்கும்போது அது பெரிதாகத் தெரியாது. நடுச்சாமம் இரண்டு மணிக்கு, ஒவ்வொரு இருக்கைக்கும் நடுவே இரும்புக் கைப்பிடி வைத்த கதிரை வரிசையில் முதுகு சாய்க்க வழியில்லாமல் இருக்கும்போது தெரியும்.

எங்கே படுக்கலாம் என்று தேடுவதற்கு முதல் ரிக்கெற்றை எடுத்துப் பாருங்கள். இலத்திரனியல் ரிக்கெற்றுக்கு 13 இலக்கத்தில் ஓர் எண் உண்டு. முதல் மூன்று இலக்கமும் விமான நிறுவனத்துக்குரியவை. இரண்டு பறப்புகளும் அந்த ஒரே எண்ணுக்குக் கீழ் வந்தால் நல்லது. முதல் விமானம் பிந்தி, அடுத்ததைத் தவறவிட்டாலும் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. வெவ்வேறு எண்கள் என்றால் அவை இரண்டு தனித்தனிப் பயணங்கள். முதலாவது நிறுவனம் பிந்தியதை இரண்டாவது நிறுவனம் காதில் போட்டுக்கொள்ளாது. ஏஜென்ற் அனுப்பும் வடிவான ஒற்றைத் தாளில் இரண்டும் அடுத்தடுத்து அச்சாகியிருக்கும். அந்தத் தாளை நம்பாதீர்கள். எண்ணைக் கேளுங்கள்.

என்னுடைய ரிக்கெற்றைப் போட்டது மாமாவுக்குத் தெரிந்த ஏஜென்ற். "தம்பி, அவர் எங்கட ஆள். வேற இடத்தில போட்டா என்ன நினைப்பார்?" என்றார் மாமா. இதற்கு மறுபேச்சுப் பேச எனக்கு வாய் வராது. நான் வெளிக்கிட்ட பிறகு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடியவர் அவர். கூரை ஓடு மாற்றியவரும், காணி உறுதிக்காகக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவரும் அவர்தான். நான் காசு அனுப்பினேன். அவ்வளவுதான். ஊரில் நின்றவர்கள் கேட்கும் சின்னச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் நாங்கள் தலையாட்டுவது இந்தக் கணக்கில்தான். அவர்கள் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டுவதில்லை என்பது இன்னும் மோசம்.

இரண்டு தனி ரிக்கெற்றுகள். என் சூட்கேஸ் இடைநிலையம் வரைதான் பதியப்பட்டிருந்தது. அது குடிவரவுக்கு அப்பால், பொதிகள் சுற்றிவரும் பட்டியில் கிடந்தது. அதை எடுக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும். என் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அங்கே விசா வேண்டும்.

மாறிச்செல்வோருக்கான கருமபீடத்தில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, உங்கள் பயணம் இங்கே முடிந்துவிட்டது, வெளியே போய்ப் பொதியை எடுங்கள் என்றார். வெளியே போக விசா இல்லை என்றேன். அப்படியென்றால் ஏன் இந்த ரிக்கெற்றை எடுத்தீர்கள் என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான் இருந்தது, மாமாவிடம் கேட்க. அடுத்த நிறுவனத்தின் பீடம் பறப்புக்கு மூன்று மணித்தியாலம் முன்புதான் திறக்கும் என்றார்கள். திறந்ததும் ஓடினேன். பொதி விஷயம் முடியாமல் ஏறும் அட்டை தர முடியாது என்றார்கள். முதலாமவரிடம் திரும்ப ஓடினேன். அவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். அவர் வருவதற்குள் விமானத்தின் கதவு சாத்தியாயிற்று.

பாரிஸ் சார்ல்ஸ் து கோல் நிலையத்தில் மெஹ்ரான் கரிமி நாசேரி என்ற ஈரானியர் பத்திரம் இல்லாமல் 1988 முதல் 2006 வரை தங்கியிருந்தார். 2022இல் அதே நிலையத்திலேயே இறந்தும் போனார். எண்பதுகளில் பத்திரம் இல்லாமல் நிலையம் நிலையமாகக் கடந்து வந்த எங்கள் ஆட்களுக்கு அவர் கதை பெரிய புதினமாக இராது. ஒரு சூட்கேஸுக்காக அந்தரப்பட்ட எனக்கு அவரை நினைக்க வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

விடியப்புறம் பணிமாற்றம் நடந்தது. புதிதாக வந்து இருந்த பெண் என் பொதிச் சீட்டை வாங்கி, எண்ணைத் தட்டி, யாருக்கோ கோல் எடுத்து, பொதியைக் கொழும்புக்கு மாற்றிப் பதிந்துவிட்டார். அடுத்த விமானத்துக்கு மாற என் கையிலிருந்து காசு கட்டினேன். ஆகவே, ஏறும் அட்டையின் பின்னால் ஒட்டித் தரும் பொதிச் சீட்டைக் கசக்கி எறியாதீர்கள். புறப்படும் இடத்திலேயே சூட்கேஸில் கட்டிய பட்டியில் கடைசி நிலையத்தின் குறியீட்டைப் பாருங்கள்: கொழும்பு என்றால் சி.எம்.பி., சென்னை என்றால் எம்.ஏ.ஏ. இடைநிலையத்தின் குறியீடு இருந்தால் அந்த இடத்திலேயே சண்டை பிடியுங்கள். இடைநிலையத்தில் ஒருவர் முடியாது என்றால் அவரோடு மல்லுக்கட்டாமல் அவர் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவார் என்று பாருங்கள்.

அம்மா அப்பாவை இந்தப் பக்கம் அழைப்பவர்களுக்கும் ஒன்று. இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு ஃபிராங்பேர்ட், பாரிஸ் போன்ற ஷெங்கன் (பொது விசா உள்ள ஐரோப்பிய நாடுகளின்) நிலையங்களில், வெளியே காலே வைக்காமல் விமானம் மாறினாலும், நிலைய இடைமாறல் விசா வேண்டும். அந்தப் பட்டியலில் உள்ள 12 நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றின் வதிவிட அட்டையோ, கனடா, அமெரிக்கா, ஜப்பான் விசாவோ செல்லுபடியாக இருந்தால் பொதுவாக விலக்கு உண்டு. அமெரிக்காவில் வெளியே போகாமல் மாறும் ஏற்பாடே கிடையாது. எல்லோரும் குடிவரவைக் கடந்தாக வேண்டும்.

இனி நித்திரை. தோஹா, துபாய், சிங்கப்பூர், இஸ்தான்புல் நிலையங்களில் குடிவரவைக் கடக்காமலே போகக்கூடிய ஹோட்டல்கள் உள்ளே இருக்கின்றன. விசா தேவையில்லை. வயதானவர்கள் கூட வந்தால் கணக்குப் பார்க்காமல் முன்பதிவு செய்யுங்கள். தனியாகப் போகிறவர், வளைகுடாவில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பும் பெடியன்கள் எங்கே படுக்கிறார்கள் என்று பார்த்து அங்கே போங்கள். கம்பளம் விரித்த இடம், குளிர்காற்றுத் துவாரத்துக்குக் கீழே வராத மூலை, துப்புரவு இயந்திரம் நுழையாத சந்து எல்லாம் அவர்களுக்குத் தெரியும். வரிசையாகப் படுத்து ஒருவர் முழித்திருப்பார்கள். நான் பக்கத்தில் சரிந்தபோது, "படுங்கோ அண்ணை, நான் பாக்கிறன்" என்றான் ஒருவன். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து போகிறானாம். திரும்பி வரமாட்டானாம். நீங்கள் எப்ப அண்ணை ஒரேயடியா ஊருக்கு வாறீங்கள் என்று கேட்டான். நித்திரை வருகிறது என்று சொல்லித் திரும்பிப் படுத்தேன்.

அலாரத்தை மணிக்கு வைக்காதீர்கள். விமான முறையிலேயே கிடக்கும் தொலைபேசி புறப்பட்ட ஊரின் நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கக்கூடும். இத்தனை மணித்தியாலத்தில் எழுப்பு என்று இறங்குகணக்கு வையுங்கள். பல நிலையங்களில் இப்போது பறப்புகளை ஒலிபெருக்கியில் கூப்பிடுவதே இல்லை. வாசல் எண் மாறினால் திரையில் மட்டும்தான் தெரியும். சில நிலையங்களில் இலவச இணையம் குறுஞ்செய்தியில் வரும் எண்ணைக் கேட்கும். வெளிநாட்டுச் சிம்முக்கு அது வந்து சேராமல் போகலாம். கடவுச்சீட்டைக் காட்டி எண் பெறும் இயந்திரம் எங்காவது நிற்கும், தேடுங்கள்.

ஒரே ரிக்கெற்றில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்பட்டவர் என்றால் விமானப் பயணிகளின் உரிமை பற்றிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதியின் எண்ணைத் தொலைபேசியில் எழுதி வைத்திருங்கள். விமானம் ரத்தாகியோ பிந்தியோ இரவு தங்க நேர்ந்தால் சாப்பாடும் ஹோட்டலும் தருவது அவர்கள் கடமை. காலநிலைதான் காரணம் என்றாலும் அது போகாது. போவது நட்டஈட்டுக் காசு மட்டும். கேட்காமல் தரமாட்டார்கள்.

கூப்பிட வருகிறவர்களுக்குக் கடைசி விமானத்தின் எண்ணைக் கொடுங்கள். அது கிளம்பிய பிறகு வாகனத்தை எடுத்தால் போதும் என்றும் சொல்லுங்கள். நான் விமானத்தைத் தவறவிட்ட செய்தி போய்ச் சேர்வதற்குள் மாமா வான் பிடித்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வந்துவிட்டார். நான் உள்ளே அவரைத் திட்டிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவர் வானுக்குள் சுருண்டு படுத்திருந்திருக்கிறார். கண்டதும், "ஏன் தம்பி, முகம் வாடிப்போச்சு?" என்றார். ஏஜென்ற் பற்றி நான் வாய் திறக்கவில்லை. வழியெல்லாம் அவர்தான் கதைத்துக்கொண்டு வந்தார். அடுத்த வருடத்துக்கும் அதே ஆளிடம் விலை கேட்டு வைத்திருக்கிறாராம். ரிக்கெற் எண் ஒன்றா இரண்டா என்று மட்டும் கேட்டுச் சொல்லச் சொன்னேன். "அதெல்லாம் அவர் பாப்பார்" என்றார்.